பிளஸ் ஒன் இயற்பியல் ஆசிரியர்களுக்கு, ஒரு டிங்கரிங் பட்டறையிலிருந்து

சார், டீச்சர், எல்லாருக்கும் வணக்கம்.

திருச்சி பக்கம் நெடுஞ்சாலையை ஒட்டி டிங்கரிங், பெயின்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். ஆட்டோமொபைல் டிப்ளமா முடித்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. இடிபட்ட கார், கவிழ்ந்த வேன், லாரிக்கு அடியில் புகுந்து மேற்கூரை சுருண்டுபோன வண்டி என்று மாதம் முழுக்க ஏதாவது ஒன்று வந்துகொண்டேதான் இருக்கும். உங்களுக்கு எழுத உட்கார்ந்த காரணம் என் மகள். இந்த வருடம் பிளஸ் ஒன்னில் சயின்ஸ் குரூப் எடுத்திருக்கிறாள். போன வாரம் ராத்திரி சாப்பிட்டுவிட்டு அவள் இயற்பியல் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். கணத்தாக்கு என்பது விசை பெருக்கல் நேரம், அதுதான் உந்த மாற்றம் என்று கட்டம் போட்டு எழுதியிருந்தாள். அதற்குக் கீழே, கிரிக்கெட் வீரர் பந்தைப் பிடிக்கும்போது கையை ஏன் பின்னால் இழுக்கிறார் என்ற கேள்வி, நான்கு வரி விடை, சிவப்பு மையில் ஒரு டிக். நான் தினமும் கையால் தொட்டுப் பார்க்கிற விஷயம் அவள் நோட்டில் இருக்கிறதே என்று சந்தோஷமாக இருந்தது. "இதை வச்சு என்னம்மா பண்ணலாம்?" என்று கேட்டேன். "மூணு மார்க் கேள்விப்பா, அடிக்கடி வரும்" என்றாள்.

அடுத்த நாள் காலையில் அவளைப் பள்ளியில் இறக்கிவிடப் போனேன். வாசலில் ஒரு வண்டியில் மூன்று பையன்கள். ஓட்டுகிறவன் முழங்கையில் ஹெல்மெட் வளையல் மாதிரித் தொங்குகிறது. அவனும் அதே கேள்விக்கு அதே நான்கு வரி விடை எழுதி மார்க் வாங்கியவனாகத்தான் இருப்பான்.

உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. போர்ஷன் முடிக்க வேண்டும், ரிவிஷன் வைக்க வேண்டும், நீட் கோச்சிங் போகிற பிள்ளைகளுக்குத் தனியாகக் கணக்கு போட்டுக் காட்ட வேண்டும், உங்கள் பாடு எனக்குப் புரிகிறது. ஆனாலும் மொத்த இயற்பியலிலும், படித்த அன்றைக்கு சாயங்காலமே வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு பிள்ளையின் உயிரைக் காப்பாற்றக்கூடிய பாடம் இது ஒன்றுதான் என்று நான் மனதார நம்புகிறேன். அதற்கு ஒதுக்கும் பீரியடுகளில் ஒன்றை மட்டும் நான் சொல்கிற மாதிரி நடத்திப் பாருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

புத்தகத்தில் இருக்கிற உதாரணங்கள் சரியானவைதான். கிரிக்கெட் பந்து இருக்கிறது, காரில் காற்றுப்பை இருக்கிறது, சிமென்ட் தரையில் குதிப்பதற்கும் மணலில் குதிப்பதற்கும் உள்ள வித்தியாசம்கூட இருக்கிறது. எல்லாவற்றுக்கும் விடை ஒன்றே: நேரம் கூடினால் விசை குறையும். சரி. ஆனால் நேரம் என்றால் எவ்வளவு? கார் மோதி நிற்கும் நேரம் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குகூட வராது. அதைக் கூட்டினேன், குறைத்தேன் என்று சொன்னால் பதினாறு வயதுப் பிள்ளைக்கு மனதில் என்ன படம் வரும்? ஒன்றும் வராது. அதனால்தான் நான்கு வரியை மனப்பாடம் செய்கிறார்கள். நேரத்துக்குப் பதிலாகத் தூரத்தைச் சொல்லிப் பாருங்கள். நிற்பதற்கு எத்தனை சென்டிமீட்டர் இடம் கிடைத்தது என்று கேளுங்கள். சென்டிமீட்டர் என்றால் விரலால் காட்டலாம், ஸ்கேல் வைத்து அளக்கலாம், பட்டறையில் நான் செய்வதும் அதைத்தான். மூன்றாவது பாடத்தில் உந்தமும் நான்காவது பாடத்தில் வேலையும் ஆற்றலும் தனித்தனியாகக் கிடக்கின்றன. இரண்டையும் இந்த இடத்தில் ஒன்றாகக் கட்டிவிடலாம்.

கணக்கு ஒன்றும் பெரிது கிடையாது. முதலில் வேகத்தை உயரமாக மாற்றச் சொல்லுங்கள், v² = 2gh அவர்களுக்குத் தெரிந்ததுதானே. மணிக்கு 30 கிலோமீட்டர் என்பது 3.5 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம், அதாவது முதல் மாடித் தளம். 40 என்றால் 6.3 மீட்டர். 50 என்றால் பத்து மீட்டருக்குக் கொஞ்சம் கம்மி, மூன்றாவது மாடி. 60 என்றால் 14 மீட்டரைத் தாண்டிவிடும். வேகம் 30இலிருந்து 60 ஆக இரட்டிப்பானால் உயரம் நான்கு மடங்கு ஏறுகிறது என்பதைக் கரும்பலகையில் மாடி மாடியாக வரைந்து காட்டினால் போதும், பின் பெஞ்சுப் பையனும் நிமிர்ந்து உட்காருவான். அப்புறம் அந்த உயரத்தை, நிற்பதற்குக் கிடைத்த தூரத்தால் வகுக்கச் சொல்லுங்கள். வருகிற எண், உடம்பின் எடையைப் போலச் சராசரியாக எத்தனை மடங்கு விசை அந்த உடம்பின் மேல் வேலை செய்தது என்பதைக் காட்டும்.

60 கிலோ ஆள், 50 கிலோமீட்டர் வேகம், கார் நேராகச் சுவரில் மோதுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய உந்தம் சுமார் 830 கிலோகிராம் மீட்டர்/நொடி. பெல்ட் போட்டிருந்தாலும் போடாவிட்டாலும் அந்த 830 பூஜ்ஜியம் ஆகியே தீரும், கணத்தாக்கில் ஒரு துளிகூடக் குறையாது. இதைப் பிள்ளைகளிடம் அழுத்திச் சொல்லுங்கள், ஏனென்றால் பெல்ட் போட்டால் ஏதோ கணத்தாக்கே குறைந்துவிடும் என்று நினைக்கிறார்கள். பெல்ட் போட்டவர் காரோடு சேர்ந்து நிற்கிறார். காரின் மூக்கு 60 சென்டிமீட்டர் நசுங்கினால் அந்த 60 சென்டிமீட்டரும் அவருக்கும் கிடைக்கிறது. பத்து மீட்டரை 0.6ஆல் வகுத்தால் பதினாறு மடங்கு சொச்சம், ஏறக்குறைய ஒரு டன் எடை பெல்ட் வழியாக நெஞ்சிலும் இடுப்பிலும் பரவி இறங்குகிறது. வலிக்கும், விலா எலும்புகூட உடையலாம், ஆனால் பிழைப்பார். பெல்ட் போடாதவருக்கு அந்த 60 சென்டிமீட்டர் கிடைக்காது. கார் நசுங்கி முடிக்கும்வரை அவர் அதே 50இல் முன்னால் போய்க்கொண்டே இருக்கிறார், நிலைமம். டேஷ்போர்டில் முட்டும்போது கார் நின்றே போயிருக்கும். நிற்பதற்கு அவருக்கு மிஞ்சுவது டேஷ்போர்டு உள்வாங்குகிற ஐந்து சென்டிமீட்டர். இருநூறு மடங்கு. பன்னிரண்டு டன்.

இதை நான் ஏட்டில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. பட்டறைக்கு வண்டி வந்ததும், இன்சூரன்ஸ் சர்வேயர் வருவதற்கு முன்பே, கண்ணாடியைப் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும். முன் கண்ணாடியில் இடது பக்கம், தலை உயரத்தில், சிலந்தி வலை மாதிரி வட்டமாக விரிசல் விழுந்து, நடுவில் வெளிப்பக்கமாகப் புடைத்திருந்தால், அந்த சீட்டில் இருந்தவர் பெல்ட் போடவில்லை என்று அர்த்தம். சில சமயம் அந்த விரிசலில் முடி சிக்கியிருக்கும். பெல்ட் போட்டவர் உட்கார்ந்த சீட்டில் வேறு அடையாளம். பெல்ட் நாடாவை முழுசாக இழுத்துப் பார்த்தால், தோள் பக்கத்து வளையத்தில் உரசிய இடத்தில் நூல் உருகிப் பளபளவென்று கெட்டியாகியிருக்கும், விரலால் தடவினால் பிளாஸ்டிக் மாதிரி வழுக்கும். ஒரு மனிதனை நிறுத்தப் பட்ட பாடு அது. அந்த நாடாவை மாற்றும்போது பழையதைக் குப்பையில் போட எனக்கு மனசு வருவதே இல்லை. வால்வோவில் வேலை பார்த்த நில்ஸ் போலின் 1959இல் இந்த மூன்று முனைப் பெல்ட்டைக் கொண்டுவந்தார், காப்புரிமையை மற்ற கம்பெனிகளும் பயன்படுத்தட்டும் என்று வால்வோ திறந்துவிட்டது. இவ்வளவு எளிய பொருள், ஒரு நாடா, ஒரு கொக்கி. அதையும் சீட்டுக்குப் பின்னால் சுற்றி மாட்டிவிட்டு அதன் மேல் சாய்ந்து உட்காருகிறார்கள், பீப் சத்தம் வராமல் இருக்க.

கண்ணாடியில் விரிசல் தலை உயரத்தில் இல்லாமல் கீழே, டேஷ்போர்டை ஒட்டியும் விழும். இருபத்திரண்டு வருடத்தில் மூன்று முறை பார்த்திருக்கிறேன். அந்த வண்டிகளை நான் கையால் தொடவில்லை, பையன்களை விட்டுச் செய்யச் சொன்னேன்.

குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்காருகிற தாய்மாரிடம் கேட்டால், "நான் இறுக்கிப் பிடிச்சிருக்கேன்ல" என்பார்கள். அந்தப் பிடியையும் கணக்காகப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். குழந்தை பத்து கிலோ. அதே 50 வேகம், அதே பதினாறு மடங்கு. 160 கிலோ. 25 கிலோ அரிசிப் பை ஆறுக்கு மேல், அதுவும் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள், முன்னறிவிப்பே இல்லாமல் கைகளில் வந்து விழுந்தால் எந்த அம்மாவால் பிடிக்க முடியும்? பாசத்தில் குறை சொல்ல முடியாது, தசைக்கு அந்தச் சக்தி கிடையாது, அவ்வளவுதான். அம்மாவும் பெல்ட் போடவில்லை என்றால் அவருடைய 60 கிலோ, குழந்தைக்குப் பின்னாலிருந்து குழந்தையை டேஷ்போர்டோடு நசுக்கும். காற்றுப்பை இருக்கிறதே என்பார்கள். அது ஒரு நொடியில் முப்பதில் ஒரு பங்கு நேரத்தில் வெடித்து விரிகிற பை, மடியில் குழந்தை இருந்தால் அந்த வேகம் முழுவதும் குழந்தையின் தலையில் இறங்கும். 14 வயதுக்குக் கீழே இருந்தால் பெல்ட்டோ குழந்தைகளுக்கான சீட்டோ கட்டாயம் என்று 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது, மீறினால் 1,000 ரூபாய் அபராதம். அபராதத்தைச் சொல்லி யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் மகள் நோட்டில் கணக்குப் போட்டுக் காட்டினால் அம்மா கேட்பார், என் வீட்டில் கேட்டார்கள்.

அடுத்தது, எனக்கு ரொம்ப நாளாக மனதில் இருக்கிற ஒன்று. பட்டறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் சொல்வது, "இப்ப வர்ற காரெல்லாம் வெறும் தகரம் சார், அம்பாசடர் மாதிரி வருமா, லேசா இடிச்சாலே நசுங்கிடுது." படித்தவர்களே சொல்கிறார்கள். கார் நசுங்காமல் இருந்தால் நல்லது என்றுதான் மனசு சொல்லும். ஆனால் இப்போது போட்ட கணக்கில் 60 சென்டிமீட்டரை எடுத்துவிட்டு 10 என்று வைத்துப் பாருங்கள். பெல்ட் போட்டவருக்கே நூறு மடங்கு வந்துவிடும். நசுங்குவதுதான் அந்த இரும்பின் வேலை. பம்பரைக் கழற்றினால் பின்னால் இரண்டு பக்கமும் கையளவு நீளத்தில் மெல்லிய இரும்புப் பெட்டி இருக்கும், அதில் வரி வரியாகப் பள்ளம் அடித்திருப்பார்கள், இந்த இடத்தில்தான் நீ மடங்க வேண்டும் என்று. இடித்த வண்டியில் அது ஹார்மோனியத் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக ஒடுங்கியிருக்கும். பார்க்க அவ்வளவு நேர்த்தியாக இருக்கும். ஒவ்வொரு மடிப்பும் உள்ளே இருந்தவர் மேல் இறங்காமல் போன ஆற்றல். மெர்சிடிஸ் பென்ஸில் இருந்த பெலா பாரென்யி என்ற இன்ஜினியர், காரின் முன்னும் பின்னும் நசுங்க வேண்டும், ஆட்கள் இருக்கும் நடுக்கூடு மட்டும் நசுங்கக் கூடாது என்று பிரித்து யோசித்து, 1952இல் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். மீட்சியற்ற மோதல் என்று பாடத்தில் ஒரு வரி வரும் பாருங்கள், இயக்க ஆற்றல் வெப்பமாகவும் உருமாற்றமாகவும் இழக்கப்படுகிறது என்று. இழக்கப்படுகிறது என்று எழுதும்போதே அது ஏதோ நஷ்டம் மாதிரித் தோன்றுகிறது. இந்த இடத்தில் அந்த நஷ்டத்தைத்தான் நாம் காசு கொடுத்து வாங்குகிறோம்.

நம்பாதவர்களுக்கு ஒரு வீடியோ இருக்கிறது, ஸ்மார்ட் போர்டு இருந்தால் வகுப்பிலேயே போட்டுக் காட்டலாம். அமெரிக்காவில் கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பைச் சோதிக்கும் ஐஐஎச்எஸ் என்ற அமைப்பு 2009இல் ஒரு சோதனை செய்தது. 1959ஆம் வருடத்து செவர்லே பெல் ஏர், 2009ஆம் வருடத்து செவர்லே மாலிபு, இரண்டையும் மணிக்கு 64 கிலோமீட்டரில் பக்கவாட்டில் கொஞ்சம் தள்ளி நேருக்கு நேர் மோதவிட்டார்கள். பழைய வண்டி நீளமான கனத்த வண்டி. அதன் ஓட்டுநர் இடம் மொத்தமாகச் சிதைந்து, ஆளுக்குப் பதிலாக உட்காரவைத்த சோதனைப் பொம்மையின் மேல் ஸ்டீயரிங் ஏறிவிட்டது. புதிய வண்டிக்கு மூக்கே இல்லாமல் போனது, ஆனால் உள்ளே கூடு அப்படியே நின்றது, பொம்மைக்குக் காலில்தான் அடி.

அதே காரணத்துக்காகத்தான் பம்பருக்கு முன்னால் தடித்த இரும்புக் குழாய் வைத்து பம்பர் கார்டு போட்டுத்தாருங்கள் என்று கேட்பவர்களைத் திருப்பி அனுப்புகிறேன். கம்பெனிக்காரன் அளந்து வைத்த மடிப்பைத் தாண்டி, அடி நேராக சேசிஸுக்குப் போகிறது. எதிரே நடந்து வருகிறவர் மேல் பட்டால் அவருக்கு நிற்க ஒரு சென்டிமீட்டர்கூட மிஞ்சாது. 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு இதைக் கூடாது என்று மாநிலங்களுக்கு எழுதிவிட்டது, ஆனாலும் கேட்டு வருகிறார்கள்.

மோதல் பாடத்தில் இன்னும் இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள். ஒன்று, 25 டன் லாரியும் ஒரு டன் காரும் நேருக்கு நேர் மோதினால் எதன் மேல் விசை அதிகம்? மொத்த வகுப்பும் கார் என்றுதான் சொல்லும், என் பட்டறைப் பையன்களும் அப்படித்தான் சொன்னார்கள். நியூட்டனின் மூன்றாம் விதியை ஒப்பிக்கிற அதே வாய். இரண்டின் மேலும் விசை சமம், உந்த மாற்றமும் சமம். இரண்டும் 50இல் வந்து ஒட்டிக்கொண்டால் லாரி 46க்கு இறங்கும், ஓட்டுநர் உடம்பு கொஞ்சம் முன்னால் குலுங்கும். கார் 50இலிருந்து நின்று, திரும்பி, 46இல் பின்னால் தள்ளப்படும். 4 எங்கே, 96 எங்கே. அந்த 96தான் உள்ளே இருப்பவரின் உடம்புக்கு. அதனால்தான் லாரியை ஓவர்டேக் செய்யும்போது எதிர்த்தடத்துக்குப் போகாதே என்று நான் கத்துகிறேன். இன்னொன்று, ஒரே மாதிரியான இரண்டு கார் ஆளுக்கு 50இல் வந்து நேருக்கு நேர் மோதினால் அது சுவரில் 100இல் மோதுவதற்குச் சமமா? சமம் என்பார்கள். இல்லை, சுவரில் 50இல் மோதுவதற்குத்தான் சமம், ஏனென்றால் ஆளுக்கு ஆள் அவரவர் மூக்கு நசுங்குகிறது. நின்றுகொண்டிருக்கும் அதே மாதிரிக் காரில் 100இல் போய் மோதினாலும் அதே அளவு நசுங்கல்தான். படகில் நின்று இரண்டு பந்தை மோதவிடுகிறவனையும் அதைக் கரையில் நின்று பார்க்கிறவனையும் வைத்து ஹைகென்ஸ் என்ற டச்சு விஞ்ஞானி 17ஆம் நூற்றாண்டிலேயே இந்த விஷயத்தை யோசித்திருக்கிறார். கேரம் போர்டு விளையாடுகிற பிள்ளைகளுக்கு இது சட்டென்று பிடிபடும்.

கடைசியாக ஹெல்மெட். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குக் காரைவிட இதுதான் முக்கியம்.

என்னிடம் ஒரு ஹெல்மெட் இருக்கிறது, என் பட்டறைப் பெயின்டருடையது. நெடுஞ்சாலையிலிருந்து பட்டறைக்குள் திரும்பும் இடத்தில் மணல் சறுக்கி விழுந்தார். வேகம் பத்துகூட இருக்காது. வெளி ஓட்டில் ஒரு கீறல், அவ்வளவுதான், பாலிஷ் போட்டால் போய்விடும் போல இருக்கும். உள்ளே துணியைக் கழற்றிப் பார்த்தேன். தெர்மாகோலில் எலுமிச்சம்பழம் அளவுக்குப் பள்ளம், அதைச் சுற்றி மெல்லிய வெடிப்பு, அந்த இடத்தை அழுத்தினால் மற்ற இடம் மாதிரி இல்லாமல் கெட்டியாக இருக்கிறது. அவர் மறுநாள் கழுத்து வலியோடு வேலைக்கு வந்தார். வண்டியில் உட்கார்ந்திருப்பவரின் தலை தரையிலிருந்து ஒன்றரை மீட்டர். வண்டி பத்தில் போனாலும் அறுபதில் போனாலும் அந்த ஒன்றரை மீட்டர் விழுகை அப்படியேதான் இருக்கும், பக்கத்துக் கடைக்குப் போகிறவருக்கும் அதே உயரம்தான். வெறும் தலை தார் ரோட்டில் பட்டால் நிற்கக் கிடைப்பது தோலும் கொஞ்சம் சதையும், அரை சென்டிமீட்டர் என்றே வையுங்கள். 150ஐ அரையால் வகுத்தால் முந்நூறு மடங்கு. தெர்மாகோல் இரண்டு சென்டிமீட்டர் அமுங்கிக் கொடுத்தால் எழுபத்தைந்து. ஒன்றரை சென்டிமீட்டர் வித்தியாசம், சார். ஒரு சுண்டுவிரல் அகலம். அதற்காகத்தான் அந்தத் தெர்மாகோல். வாரைக் கட்டாமல் போட்டால் தலைக்கு முன்பே அது கழன்று ஓடிவிடும், முழங்கையில் மாட்டினால் முழங்கைக்குத்தான் பாதுகாப்பு. ஒருமுறை அமுங்கிய தெர்மாகோல் திரும்ப எழும்பாது, அதனால் விழுந்த ஹெல்மெட்டை மறுபடி போடக் கூடாது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள், வெளியே கீறல்தானே என்று பலர் தொடர்ந்து போடுகிறார்கள்.

ஒரு அட்டைப் பெட்டி தயார் செய்து வைத்திருக்கிறேன். அதில் அந்த ஹெல்மெட் நடுவாக அறுத்தது, மடிந்த இரும்புப் பெட்டி ஒன்று, மடியாத புதியது ஒன்று, உருகின பெல்ட் நாடா இரண்டு அடி, ஊதி அடங்கின காற்றுப்பை ஒன்று. பிள்ளைகள் கையால் தொட்டு, ஸ்கேல் வைத்து, எத்தனை சென்டிமீட்டர் மடிந்தது என்று அளந்து, தாங்களே விசையைக் கண்டுபிடிக்கட்டும். திருச்சி சுற்றுவட்டாரத்தில் எந்தப் பள்ளி கூப்பிட்டாலும், அரசுப் பள்ளியோ தனியாரோ, நானே வண்டியில் வைத்து எடுத்துவருகிறேன், காசு எதுவும் வேண்டாம், ஒரு பீரியட் போதும், மணி அடிப்பதற்குள் முடித்துவிடுவேன். தூரத்து ஊர்க்காரர்கள் உங்கள் ஊர் டிங்கரிங் பட்டறையில் போய்க் கேளுங்கள், மூலையில் இதெல்லாம் குவிந்து கிடக்கும், சந்தோஷமாகத் தருவார்கள். முதலில் என் மகளுடைய பள்ளியில்தான் கேட்கப்போகிறேன். அவளுக்குக் கொஞ்சம் கூச்சம்தான், ஆனாலும் அந்த அறுத்த ஹெல்மெட்டைத் தானே வகுப்புக்குள் தூக்கிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.